கோப்பையைக் கொண்டுவந்த கிளப் எங்கே போனது?

(வெம்பாக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக்கின் கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி எஃப்.சி.க்கு எதிரே மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. சென்னை சிட்டி வென்றால் கோப்பை நமக்கு. தவறி, அங்கே ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே கணக்கு. கேலரியில் பேச்சுமூச்சு இல்லை. இரண்டாம் பாதியில் சென்னை சிட்டி பெனால்டியில் ஒன்று போட்டது. பிறகு அசாம் பையன் கௌரவ் போரா இரண்டு போட்டார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனாலும் புள்ளிப் பட்டியலில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளி.

1996-இல் தேசிய லீக் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அன்றுதான். 20 ஆட்டம், 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி. நாட்டின் சாம்பியன்.

மூன்று ஆண்டு முடிவதற்குள், 2021-22 ஐ-லீக் பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. தேசிய உரிம நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் லீக்கை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

இன்று நான் பேச வந்தது இந்தக் கிளப்பின் கதையைத்தான். பட்டு நெய்யும் ஊரில் வந்து கால்பந்துக் கிளப்பின் கணக்கு வழக்கைப் பேசுகிறானே என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதையை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் நீங்கள்தான். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் கிளப்பின் பிறப்பு. சென்னையில் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று ஒன்று இருந்தது. 1946-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொண்ட பழைய கிளப். சென்னை லீக்கில் ஆடிவந்தது. அதன் வழியில் வந்ததுதான் சென்னை சிட்டி. 2016-17 சீசனில், மினர்வா பஞ்சாப்போடு சேர்த்து, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதற்கு ஐ-லீக்கில் நேரடி இடம் கொடுத்தது. முதல் ஆண்டு சென்னையில் ஆடினார்கள், எட்டாம் இடம். அடுத்த ஆண்டு கோவைக்குப் போனார்கள், மறுபடியும் எட்டாம் இடம். இதற்கிடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்து இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் அந்தச் சட்டையில் ஆடி, 2017-18-இன் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஊர்ப் பையன் ஆட ஒரு மேடை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவர் போதும்.

2018-இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினின் கீழ்மட்ட லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்த, பெரிய பெயர் இல்லாத நான்கைந்து பேரைத் தேடிக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பெட்ரோ மான்சி முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் அணிக்கு எதிராக மூன்று கோல் போட்டார். அந்த சீசனில் மொத்தம் 21. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்ஸாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் பிள்ளைகள் சுற்றிலும் நின்றார்கள். பெரிய பணத்தால் வந்த கோப்பை இல்லை இது. ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்ததால் வந்தது. 2019 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் என்ற பெரிய கிளப் சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. கோப்பை, வெளிநாட்டுப் பங்குதாரர், நிறைந்த கேலரி. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இனி கவலையே இல்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம்.

ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கிளப்புக்கு வரவு எங்கிருந்து வரும்? டிக்கெட், விளம்பரதாரர், தொலைக்காட்சி, பரிசுப் பணம், ஆட்டக்காரரை வேறு கிளப்புக்குக் கொடுத்தால் வரும் தொகை. ஐ-லீக்கில் இதில் எதுவும் பெரிதாக வராது. டிக்கெட் விலையைக் கூட்டினால் ஆள் வரமாட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். நாடு முழுக்கச் சுற்றி ஜெயித்து வரும் சாம்பியனுக்கு அப்போது பரிசு ஒரு கோடி ரூபாய். செலவையோ நீங்களே எண்ணிப் பாருங்கள். கோவையிலிருந்து ஸ்ரீநகர், இம்பால், ஐஸால், ஷில்லாங், கோவா, கொல்கத்தா என்று ஒரு பட்டாளத்தையே விமானத்தில் கொண்டுபோய் வர வேண்டும். தங்க வைக்க வேண்டும், சோறு போட வேண்டும், மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆடும் மைதானமும் சொந்தமில்லை. வரவுக்கும் செலவுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை ஒருவர் தன் கைப்பணத்தால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உரிமையாளர் ஐந்து சீசன் அப்படித்தான் ஓட்டினார். அவரைக் குறை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அது நியாயமில்லை. அவர் பணம் போடாமல் இருந்திருந்தால் மார்ச் 9 என்ற நாளே நமக்கு இருந்திருக்காது.

கோப்பை வந்த அதே 2019-இல் ஏணியையே எடுத்துவிட்டார்கள். 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக், அக்டோபர் மாதம் கோலாலம்பூரில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, நாட்டின் முதல்நிலை லீக் ஆனது. ஐ-லீக் இரண்டாம் நிலைக்குப் போனது. சூப்பர் லீக்கில் சேர அப்போது ஆட்டத்தில் ஜெயித்தால் போதவில்லை, ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஐ-லீக்கில் ஜெயிப்பவருக்கு மேலே போகும் வழி 2022-23-இல்தான் திறந்தது. அந்த வழியில் முதலில் போனது பஞ்சாப். ஆமாம், கோவையில் அன்று தோற்ற மினர்வாவின் வாரிசு. சென்னை சிட்டி அதுவரை தாக்குப்பிடிக்கவில்லை.

நாட்டின் சாம்பியன் என்ற முறையில் 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம் ஒன்று கிடைத்தது. பஹ்ரைனின் ரிஃபா கிளப்போடு. 'சொந்த மண்' ஆட்டம் என்று பெயர், நடந்தது அகமதாபாத்தில். 0-1 என்று தோற்றார்கள். ஆசியக் களத்தில் தமிழ்நாட்டுக் கிளப் ஆடியதைத் தமிழ்நாட்டு ரசிகன் டி.வி.யில்தான் பார்த்தான். அதே மாதம் மான்சி ஜப்பானுக்குப் போனார். மார்ச்சில் கொரோனா வந்து லீக் பாதியில் நின்றது. அடுத்த சீசன் முழுவதும் கொல்கத்தா வட்டாரத்தில், அடைத்த வளையத்துக்குள், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. அந்த ஆண்டு அணி தள்ளாடியது. 2021-இல் பாசல் கிளப்பே அங்கே கைமாறியது. இந்தியாவில் பணம் போட்டதை அதன் ரசிகர்கள் முன்பிருந்தே எதிர்த்து வந்தார்கள். அதே ஆண்டில் சென்னை சிட்டியோடு இருந்த உறவும் முடிந்தது. சுவிட்சர்லாந்தில் யாரோ யாருக்கோ பங்கை விற்றதில் கோவையில் ஒரு தூண் சாய்ந்தது.

இங்கேதான் உங்களிடம் வருகிறேன். ஆரணி, காஞ்சி வட்டாரத்தில் தறிக்குழியில் கால் வைத்தவர்களுக்கு இரண்டு விதமான பிழைப்பு தெரியும். ஒன்று, முதலாளியிடம் பாவு வாங்கி நெய்வது. பட்டும் ஜரிகையும் அவருடையது, டிசைன் அவருடையது, சேலையும் அவருடையது. நமக்குக் கூலி. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு வியாபாரம் படுத்தால், மகனுக்கு இந்தத் தொழிலில் மனம் இல்லை என்றால், பாவு வராது. தறி நிற்கும். நாம் நெய்ததில் குறை ஏதும் இருக்காது. இன்னொன்று, கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு போட்டு உறுப்பினராக நெய்வது. அங்கே சச்சரவு உண்டு, தேர்தல் உண்டு, போனஸ் தகராறு உண்டு, சில இடங்களில் ஊழலும் உண்டு. ஆனாலும் பேரேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது. சென்னை சிட்டி முதல் வகையில் ஓடிய தறி. கோவை கேலரியில் தொண்டை கிழியக் கத்திய ஒருவருக்கும் அந்தக் கிளப்பில் ஒரு ரூபாய்ப் பங்கு கிடையாது. அது போனபோது கேட்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

இது ஒரு கிளப்பின் தலைவிதி மட்டும் இல்லை. கொச்சியில் 1997-இல் எஃப்.சி. கொச்சின் தொடங்கியது. நாட்டின் முதல் முழுத் தொழில்முறைக் கிளப் என்று கொண்டாடினார்கள். தொடங்கிய ஆண்டே மோகன் பகானை வீழ்த்தி டூரண்ட் கோப்பையைக் கேரளத்துக்குக் கொண்டுவந்தது. ஐ.எம். விஜயன் ஆடினார், ஜோ பால் அஞ்சேரி ஆடினார், நம் ராமன் விஜயன் 1997-98 தேசிய லீக்கில் 10 கோல் போட்டு முதலிடம் பிடித்தது அந்தச் சட்டையில்தான். விளம்பரதாரர் விலகினார், சம்பளம் நின்றது, 2002-இல் கிளப்பே இல்லை. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. பக்வாரா ஒரு ஜவுளி ஆலையின் அணி. 2011-இல் ஆலை நிர்வாகம் கலைத்தது. 2005-06 சாம்பியன் மஹிந்திரா யுனைடெட் 2010-இல் மூடப்பட்டது. பணம் தீர்ந்துபோன நிறுவனம் இல்லை மஹிந்திரா. மனம் மாறியது, அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு காலத்தில் இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., சுங்கத் துறை, வருமான வரி, மின்வாரியம் என்று அலுவலக அணிகள் இருந்தன. அங்கே ஆடியவர்களுக்குக் கிளப் பணக்காரக் கிளப்பா என்ற கவலையே இல்லை. கையில் அரசு வேலை. பந்து ஆடி, ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கினார்கள். வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளை அந்த வேலைதான் கரை சேர்த்தது. விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனங்கள் குறையக் குறைய அந்த வழியும் குறுகிவிட்டது. இதை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு இது கோப்பையை இழந்ததைவிடப் பெரிய இழப்பாகப் படுகிறது.

சரி, தப்பித்தவர்கள் யார்?

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலைப் பாருங்கள். 1920-இல் பிறந்த கிளப். 2018-இலிருந்து நான்கே ஆண்டில் மூன்று பெரிய முதலீட்டாளர்கள் அதை விட்டுப் போனார்கள். யுனைடெட் புரூவரீஸ் போனது, குவெஸ் போனது, ஸ்ரீ சிமெண்ட் போனது. 2021-இல் ஸ்ரீ சிமெண்ட் ஒப்பந்தத்தில் கிளப்பின் உரிமைகள் பறிபோகும் என்று நிர்வாகிகள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். போடு என்று ஒரு ரசிகர் கூட்டம், போடாதே என்று ஒரு கூட்டம். கிளப் வாசலில் கைகலப்பாகி, போலீஸ் தடியடி வரை போனது. முதலமைச்சர் மம்தா பானர்ஜி தலையிட வேண்டியிருந்தது. அசிங்கமான சண்டைதான். ஆனால் சண்டை போட ஆள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். நூறாண்டு உறுப்பினர் பட்டியல் உள்ள கிளப் அது. இவர் போனால் அடுத்தவரைத் தேடு என்று நெருக்க, இரவில் தூங்காத ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். 2022-இல் இமாமி வந்தது. 2024 ஜனவரியில் ஒடிசா அணியை 3-2 என்று வென்று சூப்பர் கோப்பையை எடுத்தது, 12 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பை. அந்த இறுதி ஆட்டத்தில் சமன் செய்த கோலைப் போட்டவர் சென்னைப் பிள்ளை நந்தகுமார் சேகர்.

இன்னும் தூரத்தில் ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மனியில் ஹாம்பர்க் துறைமுகப் பகுதியின் கிளப் செயின்ட் பவுலி. 2003-இல் மூன்றாம் நிலைக்கு இறங்கியது, கையில் காசில்லை, சுமார் 20 லட்சம் யூரோ காட்டாவிட்டால் உரிமமே கிடையாது. நம் சென்னை சிட்டிக்கு வந்த அதே நெருக்கடி. அங்கே என்ன செய்தார்கள்? 'மீட்பர்' என்று அச்சிட்ட டி-ஷர்ட்டை விற்றார்கள். அந்தப் பகுதி மதுக்கடைகளில் ஒவ்வொரு பீருக்கும் சில்லறை கூடுதலாக வாங்கிக் கிளப்புக்குக் கொடுத்தார்கள். பயர்ன் மியூனிக் வந்து உதவி ஆட்டம் ஆடிக்கொடுத்தது. கிளப் பிழைத்தது. மூன்றாம் நிலையில் நான்கு ஆண்டு கிடந்தது. பிறகு 2010-இலும் 2024-இலும் முதல்நிலைக்கு ஏறியது. கடைசியாக அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2024-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். ஒரு பங்கு 850 யூரோ. சில மாதங்களில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 2.9 கோடி யூரோ திரட்டி, தங்கள் ஸ்டேடியத்தின் பெரும்பங்கை அந்தச் சங்கத்தின் கைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கூட்டுறவு என்றதும் ஜெர்மனியைப் பார்க்க வேண்டுமா? இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானது நம் பக்கத்துக் காஞ்சிபுரத்தில். கோ-ஆப்டெக்ஸ் 1935-இலிருந்து இருக்கிறது. பங்குத்தொகை என்றால் என்ன, பொதுப்பேரவை என்றால் என்ன, தணிக்கை என்றால் என்ன என்று இந்த ஊர்த் தறிவீட்டில் கேட்டால் பாட்டி சொல்வார். கால்பந்துக்காரர்கள் உங்களிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒரு கேள்வி வரும். உறுப்பினர் சந்தாவை வைத்து ஸ்ரீநகருக்கு விமான டிக்கெட் எடுக்க முடியுமா? முடியாது. உறுப்பினர் கிளப்புக்கும் பணத் தட்டுப்பாடு வரும், கீழே இறங்கும். இறங்கினாலும் ஆடும். செயின்ட் பவுலி நான்கு ஆண்டு கீழே கிடந்தது என்றேனே, அதன் பொருள் அதுதான். நேதாஜி கிளப் பல பத்தாண்டுகள் கோடிகள் இல்லாமல் சென்னை லீக்கில் ஆடியது. சென்னை சிட்டியும் உள்ளூர் லீக்குக்கு இறங்கி, பத்தாண்டு பொறுத்து, மீண்டு ஏறியிருக்கலாம். அதற்கு, தோற்கும் காலத்திலும் வந்து கோடு போட்டு வலை கட்டுகிறவர்கள் வேண்டும். ரசிகர்கள் இருந்தார்கள், உறுப்பினர்கள் இல்லை. மேலே ஆடு, இல்லையேல் ஆடாதே என்ற நிலைமைக்கு அது தள்ளப்பட்டது. மேலே இருப்பவர்களும் கல்லில் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில், அடுத்த லீக் நடக்குமா என்றே தெரியாத குழப்பத்தில், இரண்டு முறை சூப்பர் லீக் வென்ற 'சென்னையின் எஃப்.சி.' என்ற இன்னொரு கிளப் தன் முதல் அணியின் வேலைகளை நிறுத்திவைத்ததை நாம் பார்த்தோம்.

இனி நம் ஊர்க் கதை. கபடியோ வாலிபாலோ கால்பந்தோ, ஊர் டீம் எப்படி ஓடுகிறது? பொங்கலுக்கு டோர்னமென்ட். நோட்டீஸில் முதல் பரிசு இன்னார், இரண்டாம் பரிசு இன்னார், ஜெர்சி உபயம் இன்னார். ஃப்ளெக்ஸில் அவர் படம் பெரிதாக, ஆட்டக்காரர் படம் தபால்தலை அளவுக்கு. தேர்தல் ஆண்டில் பந்து இரண்டு டஜன் வரும், மறு ஆண்டு ஒன்றும் வராது. வேன் வாடகைக்கும் என்ட்ரி ஃபீஸுக்கும் கேப்டன் பையன் தன் சம்பளத்திலிருந்து போடுவான். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் டீம் கலையும். சென்னை சிட்டியின் கதை சின்ன எழுத்தில் ஒவ்வோர் ஊரிலும் நடக்கிறது.

தம்பிகளே, உபயம் தருகிறவரை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. அவர் தருவது கணக்கில் ஒரு வரியாக இருக்கட்டும். மற்ற வரிகளை நீங்கள் எழுதுங்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். விதிமுறை எழுத வேண்டும், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும், வரவு செலவைத் தாக்கல் செய்ய வேண்டும். மாதச் சந்தா ஒரு டீ, ஒரு பஜ்ஜி விலை இருந்தால் போதும். ஆடாதவர்களும் கட்டட்டும். தறிக்காரர், டீக்கடைக்காரர், டீச்சர் அக்கா, சவூதியில் இருக்கும் அண்ணன், எல்லாரும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நம் பக்கம் ஊர்த்தெருவுக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம் என்று பிரிந்து கிடக்கிறது. இரண்டுக்கும் மைதானம் இல்லை, இரண்டுக்கும் பணம் இல்லை. உறுப்பினர் பட்டியலில் இரண்டு பக்கத்துப் பெயரும் கலந்து இருந்தால்தான் அது ஊர்க் கிளப். பாதி ஊரை வெளியே நிறுத்திவிட்டு நிதி நெருக்கடி என்று புலம்புவதை நான் ஏற்கமாட்டேன். பெண் பிள்ளைகளுக்கும் அதேதான். 2019-இல் சென்னை சிட்டி கோப்பை வாங்கிய இரண்டு மாதத்தில், மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் அணி லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக்கை எடுத்தது. ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுக்கு இரண்டு தேசியக் கோப்பை. அந்தப் பெண்கள் எத்தகைய வீடுகளிலிருந்து வந்தார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று தெரியும்.

சங்க விதிமுறை எழுத மாதிரிப் படி ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். உறுப்பினர் யார், வாக்கு யாருக்கு, பொருளாளர் எத்தனை ஆண்டு இருக்கலாம், கிளப்பின் பெயரையும் சட்டை நிறத்தையும் மாற்ற எத்தனை பேர் சம்மதம் வேண்டும், நன்கொடையாளர் நிர்வாகத்தில் எவ்வளவு இடம் கேட்கலாம் என்ற பகுதிகளை வெற்றிடமாக விட்டிருக்கிறேன். அவற்றை நீங்கள் பேசித்தான் நிரப்ப வேண்டும். சங்கத்தில் பொறுப்பில் இருந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பின்வரிசைத் தம்பி தங்கைகளை முன்னால் கூப்பிட்டு, பொருளாளர் பகுதியிலிருந்து தொடங்குங்கள். நானும் இருக்கிறேன்.